குரல் கொடுக்கும் ஆண் எதுவாயினும்

முன்னொரு காலத்தில், ஒரு மலையின் அடியில் ஒட்டிக் கிடந்த நகரத்தில், சிரிப்புச் சத்தமே கேட்காத ஓர் அரண்மனை இருந்தது. அதை ஆண்ட அரசன் உதயசேனன். அவனுடைய அரசி மரகதவல்லி தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள், பிள்ளையும் தங்கவில்லை. அன்றுமுதல் அரசன் சபைக்கு வருவான், உட்காருவான், எழுந்து போவான். யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும்" என்பான். அவன் ஆகட்டும் என்று சொன்னதில் பாதி, ஆகவே கூடாத காரியங்கள்.

அந்தச் சபையில் திருமேனி என்று ஒரு விகடகவி இருந்தான். பத்து வருஷம் அரசனையும் அரசியையும் சிரிக்கவைத்துப் பிழைத்தவன். அரசி போனபிறகு அவன் நாக்கில் ஒரு வார்த்தையும் கூடிவரவில்லை. கடைசித் தூணோரமாக உட்கார்ந்து, சபை கலைந்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். அவனை யாரும் தேடுவதில்லை. ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் தளவாய் கங்கேயன், படைகளுக்கெல்லாம் தலைவன். சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து நாட்டின்மேல் படையெடுக்க அவன் ஏற்பாடு செய்திருந்தான். திருமேனி சபையில் ஒரே ஒரு கேலிப் பேச்சுப் பேசி, அந்த எண்ணத்தை அரசன் மனத்திலிருந்து இறக்கிவைத்துவிட்டான். சபை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு கங்கேயன் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

கார்த்திகை மாதம் பிறந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. மலையில் மேகம் இறங்கி மரங்களை மூடிக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் சபை நடந்துகொண்டிருக்கையில் காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையில் கரகரத்து, இழுத்துக்கொண்டே போய் அறுந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது.

அரசன் நிமிர்ந்தான். "யார் அது?"

"கடமான், அரசே" என்றான் கங்கேயன். "இது அவை இணை சேரும் மாதம். ஆண் இப்படித்தான் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு திரியும்."

குரல் மூன்றாவது முறையும் வந்தது. அரசன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். "நிறுத்துங்கள் அதை! எனக்குக் கேட்கக் கூடாது. எத்தனை இருந்தாலும் கொன்றுபோடுங்கள்!"

தூணோரத்தில் இருந்த திருமேனி எழுந்துவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"அரசே, மன்னிக்க வேண்டும். தங்கள் முன்னோர் இந்த மாதத்தில் காட்டுக்குள் வில் நுழையக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். இப்போது ஆண்மானுக்குத் தீனி நினைவில்லை, பயமும் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கு வந்து நிற்கும். அதை எய்வது வேட்டை ஆகாது."

"எனக்கு நியாயம் சொல்ல வந்தாயா, திருமேனி? சிரிக்கவைக்கத்தானே உன்னை வைத்திருக்கிறேன்? எங்கே, சிரிக்கவை பார்க்கலாம்!"

திருமேனி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. சபை முழுவதும் அவனைப் பார்த்தது.

கங்கேயன் இந்தச் சமயத்துக்காகத்தான் காத்திருந்தான். "அரசே, மானின் மனம் இவ்வளவு தெரிந்தவரை விட்டு வேறு யாரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுப்பது? திருமேனியே முன்னின்று நடத்தட்டும். கட்டளையை அடியேன் எழுதித் தருகிறேன்."

"ஆகட்டும்" என்றான் அரசன்.

கங்கேயன் உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதினான். மான் என்று மட்டும் எழுதினால் இந்த விகடன் பறையடித்து மான்களை மலைக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வான் என்று அவனுக்குத் தோன்றியது. ஆகவே தப்பிக்கவே முடியாதபடி வார்த்தைகளை அகலப்படுத்தினான். எழுதி முடித்துச் சபையில் படித்தான்:

"எம் அரண்மனைக்குக் கேட்கும் தொலைவில், துணையை நாடிக் குரல் கொடுக்கும் ஆண் எதுவாயினும் அம்புக்கு இரையாகக் கடவது. நாலு கால், இரண்டு கால், இறகு, ரோமம் என்னும் பேதமில்லை. எவர் பொருட்டும் விலக்கில்லை. வரும் பௌர்ணமி நிலா உதிக்குமுன் குரல்கள் அடங்கியாக வேண்டும். அடங்காவிடில் பொறுப்பேற்றவன் சிரம் கொய்யப்படும்."

அரசன் காதைப் பொத்திய கையை எடுக்காமலே தலையசைத்தான். முத்திரை விழுந்தது. பௌர்ணமிக்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் திருமேனி காட்டுக்குப் போனான். வேட்டுவர் தலைவன் காளத்தி எல்லையிலேயே காத்திருந்தான். கட்டளையைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது.

"இந்த மாசம் நாங்க வில்லைத் தொடமாட்டோம் சாமி. நாண அவுத்து கூரை எரவாணத்துல சொருகிடுவோம். எங்க பொண்டு புள்ளைங்க கெழங்கத் தின்னுக்கிட்டுக் கெடக்கும். ராசா வார்த்தைன்னு சொல்றீங்க. என்ன பண்றது, நீங்க தலைய அசைச்சா நான் எய்யறேன். நீங்க அசைக்கணும்."

ஒரு மானைக் கொன்று அரசனிடம் காட்டினால் அவன் கோபம் ஆறிவிடும், மற்றவை பிழைத்துக்கொள்ளும் என்று திருமேனி கணக்குப் போட்டான். தன் கழுத்தும் பிழைத்துக்கொள்ளும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தான். "சரி" என்றான்.

காளத்தி ஓர் இலையை மடித்து உதட்டில் வைத்து ஊதினான். பெண்மானின் குரல் மெல்லியதாக எழுந்தது. இரண்டாவது முறை ஊதுவதற்குள் புதர் முறிபடும் சத்தம் கேட்டது. பெரிய கடமான் ஒன்று ஓடிவந்து பத்தடி தூரத்தில் நின்றது. உடம்பெல்லாம் சேறு. பிடரிமயிர் நனைந்து தொங்கியது. பல நாள் தின்னாததால் விலா எலும்பு தெரிந்தது. மனிதர்களைப் பார்த்தது, ஓடவில்லை. அவர்களுக்குப் பின்னால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கூப்பிட்டவள் எங்கே என்று தேடியது.

திருமேனி தலையை அசைத்தான்.

அம்பு பாய்ந்து முன்னங்கால் மடங்கிய பிறகும் அது தேடுவதை நிறுத்தவில்லை. கண் மங்கும்வரை அவர்களுக்குப் பின்னால் இருந்த புதரையே பார்த்துக்கொண்டிருந்தது.

காளத்தி உதட்டிலிருந்த இலையைத் துப்பினான். பிறகு திருமேனி, "நாணை அவிழ்த்துவிடு, காளத்தி. இனி வேண்டாம்" என்றான்.

"அப்ப உங்க தலை?"

"அது இன்னும் பத்து நாள் இருக்கும்."

கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் அரசன் முன்னால் வைத்தான். அரசன் அதைப் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலமும் மலையிலிருந்து வேறு குரல் வந்தது. ஓர் உயிர் போனதுதான் மிச்சம்.

கங்கேயனுக்குக் காட்டில் ஒற்றர் இருந்தார்கள். நாலாம் நாள் சபையில் அவன் எழுந்தான். "அரசே, விகடகவி ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். வேட்டுவர்களின் வில்லையும் இறக்கிவைத்துவிட்டார். இது கட்டளையை அவமதிப்பது ஆகாதா?"

அரசன் திருமேனியைப் பார்த்தான்.

"அவமதிக்கவில்லை, அரசே. முறைப்படுத்தியிருக்கிறேன்" என்றான் திருமேனி. "குரல் கொடுக்கும் ஆண் எதுவாயினும் என்று தளவாய் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மலையில் இருப்பது தூரத்துக் குரல். பக்கத்துக் குரலை விட்டுவிட்டுத் தூரத்துக்குப் போவது முறையாகுமா? அரண்மனை அகழியில் தவளைகள் இரவும் பகலும் கத்துகின்றன. கத்துவது ஆண் தவளைதான், பெண்ணைக் கூப்பிடத்தான் கத்துகிறது. முதலில் அவற்றை அம்பெய்து அடக்கிவிட்டு, படிப்படியாக மலைக்குப் போகிறேன். அதற்கு வில்லாளிகள் வேண்டும். தளவாய் தன் படையைக் கொடுத்து உதவ வேண்டும்."

சபையில் யாரோ மூக்கால் சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அரசன் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "ஆகட்டும்" என்றான்.

யானைப் படையை எதிர்த்து நின்ற வீரர்கள் கொட்டும் மழையில் அகழிக் கரையில் மண்டியிட்டுத் தவளைக்குக் குறிபார்த்தார்கள். ஒரு நாள் முழுக்க எய்தும் பதினேழு தவளைதான் விழுந்தன. அந்தியில் மிச்சத் தவளைகள் முன்னைவிடப் பலமாகக் கத்தின. ஊர் சிரித்தது. கங்கேயன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் வேறு விதமாக ஆரம்பித்தான். அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வண்டிக்காரன் வீட்டு வாசலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, "ஏ காவேரி, எங்க இருக்க?" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். தளவாயின் வீரர்கள் அவனைப் பிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டுபோனார்கள். இரண்டு கால் என்றும் கட்டளையில் இருக்கிறதே! பொழுது சாய்வதற்குள் ஒன்பது பேர் சிறையில் இருந்தார்கள். பௌர்ணமியன்று அவர்கள்மேல் அம்பு விடப்படும் என்றும், இதெல்லாம் பொறுப்பதிகாரி திருமேனியின் உத்தரவு என்றும் பறையறைந்து சொன்னார்கள்.

ஊர் சிரிப்பை நிறுத்தியது. ஆண்கள் வீட்டுக்குள்ளும் கூப்பிடப் பயந்தார்கள். வேண்டியதற்குக் கையைத் தட்டினார்கள், செம்பைத் தரையில் வைத்து ஒலியெழுப்பினார்கள். மழைச் சத்தத்தைத் தவிரத் தெருவில் ஒன்றும் கேட்கவில்லை. திருமேனியின் மனைவி செங்கமலம் குளத்துக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு எட்டிப் போனார்கள். காவேரி மட்டும் கிட்ட வந்து அவள் காலில் விழுந்தாள்.

செங்கமலம் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கினாள். "அந்தப் பொண்ணு ஒண்ணுமே கேக்கல. காலப் புடிச்சுக்கிட்டு அப்படியே கெடந்தா. தவளைன்னு வெளையாடினீங்களே, பாத்தீங்களா எங்க வந்து நிக்குதுன்னு?"

விளையாடிய விளையாட்டு ஒன்பது பேர் கழுத்தில் விழுந்திருந்தது. காட்டில் ஒரு மானைக் கொல்லத் தலையசைத்தது வேறு திருமேனியை உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பௌர்ணமிக்கு முதல்நாள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னான்.

"ஒரு வழி இருக்கு. ஆனா அது கேவலமான வழி."

"சொல்லுங்க."

"அந்தி நேரத்துல ராஜா எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, ராணியம்மாவோட பூந்தோட்டத்துக்கு மேல இருக்கிற மாடத்துல தனியா நிப்பார். முன்னெல்லாம் அந்த நேரத்துலதான் ரெண்டு பேருக்கும் நான் கதை சொல்லுவேன். பழக்கத்துல நான் இப்பவும் தோட்டத்து மூலையில போய் உக்காந்திருக்கேன். ஒரு வருஷமா. அவருக்குத் தெரியாது. தினமும் அவர் ராணியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுறார்."

செங்கமலத்துக்குப் புரிந்துவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டாள். "அது அவரு அழுகிற இடம். அங்க போய் ஆளக் கொண்டுபோய் நிறுத்துறது பாவமில்லையா?"

"பாவந்தான்."

"உங்கள அங்கயே வெட்டிப்போட்டா?"

"எப்படியும் இன்னும் ஒரு நாள்தான், கமலம். ஒம்பது பேருக்கும் அதே ஒரு நாள்தான்."

அவள் எழுந்துபோய் அவன் கட்டிக்கொள்ள வேட்டி எடுத்துவைத்தாள்.

பௌர்ணமியன்று பிற்பகலில் திருமேனி தளவாயின் மாளிகைக்குப் போனான். கங்கேயன் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"தளவாய் அவர்களே, தோற்றுவிட்டேன். ஆனாலும் கடைசியாக ஒன்று தென்பட்டிருக்கிறது. பெரிய ஆண். அரண்மனை மதிலுக்குள்ளேயே, அரசியாரின் தோட்டத்தில் அந்தி நேரத்தில் கூப்பிடுகிறது. அரசர் காதுக்கு அதைவிடப் பக்கத்துக் குரல் வேறு இல்லை. எனக்கோ வில் பிடிக்கத் தெரியாது. வேட்டுவர்கள் மாட்டேன் என்கிறார்கள். தாங்களே வந்து எய்து அடக்கினால் அந்தப் புண்ணியத்தில் என் தலை தப்பலாம்."

கங்கேயன் கொஞ்சம் யோசித்தான். மானைத் தானே வீழ்த்தினால் அரசனிடம் நல்ல பெயர். மலையில் மற்றவை எப்படியும் கத்தத்தான் போகின்றன. நிலா உதித்ததும் இவன் தலை உருளும். இரண்டிலும் தனக்கு நஷ்டமில்லை. வில்லை எடுத்துக்கொண்டான்.

தோட்டத்தில் ஒரு வருஷமாக யாரும் கத்தரிக்காத மல்லிகைப் புதர்கள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தது. திருமேனி தளவாயை ஒரு புதருக்குப் பின்னால் நிறுத்தினான். மேலே மாடத்தைக் கொடி முழுக்க மூடியிருந்தது.

"அந்தக் கொடிப் பக்கத்திலிருந்துதான் குரல் வரும். குரல் வந்ததும் எய்துவிடுங்கள். தாமதித்தால் போய்விடும்."

"எனக்கே சொல்லித்தருகிறாயா?" என்று முணுமுணுத்து, கங்கேயன் அம்பைத் தொடுத்தான்.

வெளிச்சம் மங்கியது. மலையில் ஒரு கடமான் கத்தியது. அது அடங்கியதும் கொடிக்குள் ஏதோ அசைந்தது. நீளமாக ஒரு மூச்சு கேட்டது. கங்கேயன் நாணைக் காதுவரை இழுத்தான்.

"வல்லி..."

அடிவயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையில் கரகரத்து, இழுத்துக்கொண்டே போய் அறுந்து நின்றது அந்தக் குரல்.

"வல்லி... எங்கே இருக்கிறாய்?"

கங்கேயனுக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. இழுத்த நாண் இழுத்தபடி நின்றது. விட்டால் அம்பு போய்விடும். இறக்கினால் சத்தம் கேட்கும்.

"எய்யுங்கள், தளவாய்" என்றான் திருமேனி. மெல்லச் சொல்லவில்லை. தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"அடப்பாவி! அது அரசர்!"

"ஆண்தானே? துணையை நாடித்தானே குரல் கொடுக்கிறது? எவர் பொருட்டும் விலக்கில்லை என்று எழுதியது தாங்கள்தான். எய்யுங்கள். நிலா வந்துவிடும்."

கொடி விலகியது. அரசன் குனிந்து பார்த்தான். கீழே அவனுடைய படைத்தலைவன், நாணை இழுத்துப் பிடித்து, அம்பை அவன் மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

வில் கங்கேயன் கையிலிருந்து நழுவியது. அம்பு சேற்றில் குத்தி நின்றது. அரசன் படியில் இறங்கி வந்தான். அவன் கன்னம் நனைந்திருந்தது. தூறல் என்று சொல்லவும் இடமிருந்தது.

திருமேனி சேற்றில் விழுந்து வணங்கினான். "அரசே, என்னைத் தண்டியுங்கள். தங்கள் துக்கத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டேன். ஆனால் இதே குற்றத்துக்காக ஒன்பது பேர் சிறையில் இருக்கிறார்கள். அவர்களும் பெண்டாட்டியைத்தான் கூப்பிட்டார்கள்."

"எந்தக் குற்றம்?"

திருமேனி மடியிலிருந்து ஓலையை எடுத்துக் கொடுத்தான். மங்கிய வெளிச்சத்தில் அரசன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, முதல் தடவையாகப் படித்தான். "குரல் கொடுக்கும் ஆண் எதுவாயினும்" என்ற இடத்தை இரண்டு தரம் படித்தான்.

"இது என் முத்திரையா?"

"தங்களுடையதுதான், அரசே."

அரசன் சேற்றில் குத்தியிருந்த அம்பைப் பார்த்தான். "நீ எய்திருக்கலாம், கங்கேயா" என்றான். "நான் கோபித்திருக்க மாட்டேன்."

தப்புச் செய்துவிட்டோம் என்று திருமேனி நினைத்தான்.

கங்கேயன் தரையில் விழுந்து அலறினான். "அரசே, அடியேன் எய்யவே மாட்டேன்! கட்டளையைத்தான் நிறைவேற்ற... இல்லை, நிறைவேற்றவில்லை. மீறிவிட்டேன். ஐயோ, மீறவும் இல்லை! வில்லை வளைத்தேன், எய்வதற்காக வளைக்கவில்லை..."

"பிறகு எதற்காக வளைத்தாய்?"

"மான் என்று நினைத்து..."

"நான் மானா?"

"இல்லை, அரசே! தாங்கள் மான் இல்லை. தாங்கள் ஆண்... இல்லை, அதாவது, தாங்கள் ஆணும் இல்லை..."

அரசனுடைய தொண்டையில் ஏதோ ஒன்று இடறியது. நாட்பட்ட கதவைத் தள்ளினால் வருகிற சத்தம் மாதிரி ஒன்று வெளியே வந்தது. இன்னொன்று வந்தது. திருமேனி தலையைத் தூக்கிப் பார்த்தான். அரசன் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மல்லிகைப் புதரில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஓய்ந்ததும் ஈரப் படியில் உட்கார்ந்தான். "ஒன்றைக் கொன்றாயே, திருமேனி. அது எப்படி வந்தது?"

திருமேனிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. இலை ஊதியதைச் சொன்னான். அது ஓடிவந்து நின்றதைச் சொன்னான். அம்பு பட்ட பிறகும் தன்னையும் காளத்தியையும் தாண்டித் தேடிக்கொண்டிருந்ததைச் சொன்னான். "தலையசைத்தது நான்தான், அரசே" என்றான்.

அரசன் முகத்தை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "கொல்லச் சொன்னது நான்" என்றான் முடிவில்.

அங்கேயே ஓலையைக் கிழித்துப் போட்டான். ஒன்பது பேரையும் அந்த நாழிகையிலேயே வீட்டுக்கு அனுப்பச் சொன்னான். பழைய விதி பழையபடி நிற்கும் என்றான். கங்கேயனைப் பார்த்து, "மாதம் முடியும்வரை நீ காட்டு எல்லையில் நின்று காவல் செய். கையில் வில் இருக்கக் கூடாது. யாராவது வில்லோடு நுழைந்தால் வேட்டுவர் தலைவன் காளத்தியிடம் சொல். அவன் சொல்கிறபடி கேள்" என்றான். கங்கேயன் எழுந்து, சேறு சொட்டச் சொட்டப் போனான்.

அரசன் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டான். "உட்கார்" என்றான். திருமேனி கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மேகத்துக்குப் பின்னால் எங்கேயோ நிலா வந்திருக்க வேண்டும். தோட்டம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

"தினமும் இங்கே இருந்தாயா?"

"இருந்தேன், அரசே."

"அவள் உன் வேடிக்கைக்கு எவ்வளவு சிரிப்பாள்!"

திருமேனி தயங்கினான். "அதைப் பற்றித் தங்களிடம் ஒன்று சொன்னதில்லை. வேடிக்கை நன்றாக அமையாத நாளில் அரசியார் தாதியிடம் எனக்கு ஒரு தட்டு அதிரசம் கொடுத்தனுப்புவார். 'இன்று அரசர் முகத்துக்காகச் சிரித்துவைத்தேன், திருமேனி. நாளைக்காவது ஒழுங்காகச் சொல்' என்று சொல்லியனுப்புவார்."

அரசன் திரும்பிப் பார்த்தான். "எனக்குத் தெரியாதே! அப்படி எத்தனை நாள்?"

திருமேனி தன் தொந்தியை மேலிருந்து கீழாக ஒரு முறை தடவிக் காட்டினான். "அதை நாள் கணக்கில் சொல்ல முடியாது, அரசே."

அரசன் மறுபடியும் சிரித்தான். இந்த முறை சத்தம் குறைவு. ஆனால் பழைய உதயசேனனின் சிரிப்பு அது.

"வேறு என்ன சொல்லியனுப்பினாள்? எனக்குத் தெரியாதது இன்னும் இருக்குமே. நாளைக்கு வா. ஒவ்வொன்றாகச் சொல். வேறு வேலை எதுவும் உனக்கு இனி வேண்டாம்."

"ஆகட்டும், அரசே" என்றான் திருமேனி.

முத்துமாலை கழுத்தில் குளிர, தூறலில் நனைந்துகொண்டே அவன் வீட்டுக்கு நடந்தான். நடக்க நடக்க அரசியார் சொல்லியனுப்பியவற்றை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தான். ஏழு தேறியது. எட்டாவது ஒன்று அரைகுறையாக இருந்தது. நாளுக்கு ஒன்றாகச் சொன்னால் எட்டு நாளைக்கு வரும். ஒன்பதாம் நாள் அந்தப் படியில் உட்கார்ந்து அரசனிடம் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.